வெறும் காத்து

கொட்டாஞ்சேனையில் காத்துக்கு இரண்டு பெயர். வெளியே அடித்தால் காத்து. டாங்கிக்குள் போய்விட்டால் ஒக்சிசன்.

துறைமுகத்தில் கப்பலின் அடிவயிற்றில் ஒட்டியிருக்கும் சிப்பியைச் சுரண்டப் போகிறவர்களும், நீர்கொழும்புப் பக்கம் கண்ணாடித் தொட்டிக்கான வண்ண மீன் பிடிக்கிறவர்களும், கற்பிட்டிக்குக் கடலட்டை எடுக்கப் போகிறவர்களும் முதுகில் கட்டும் டாங்கியை நிரப்ப மெற்றில்டா வீட்டுக்குத்தான் வருவார்கள். வாசலில் நின்றுகொண்டே, "அக்கா, ஒக்சிசன் அடிச்சு வையுங்க, பின்னேரம் வாறன்" என்று கத்திவிட்டுப் போவார்கள். மெற்றில்டாவின் புருஷன் றேமண்ட் பழைய சுழியோடி. ஆழத்திலிருந்து அவசரமாக ஏறிய ஒரு நாளில் இடது கால் மரத்துப்போய், அதோடு கடலை விட்டுக் கரையில் காத்து அடைக்கும் கொம்பிரசர் போட்டவன். ஆரம்பத்தில் அவன் எல்லோரையும் திருத்துவான். "டேய், அது ஒக்சிசன் இல்லடா. காத்து. தனி ஒக்சிசன அடைச்சிக்கிட்டு ஆழத்துக்குப் போனா வலிப்பு வந்து அங்கேயே கிடப்ப." யாரும் திருந்தவில்லை. கடைசியில் பெயர்ப்பலகை எழுதியவனும் மூன்று மொழியிலும் 'ஒக்சிசன் நிரப்பப்படும்' என்றே எழுதிக்கொண்டு வந்து நின்றான். றேமண்ட் அழிக்கச் சொன்னான். மெற்றில்டாதான் தடுத்தாள்.

"விடுங்க. காத்து நிரப்பப்படும்னு போட்டா சைக்கிளத் தள்ளிக்கிட்டு வந்து நிப்பானுங்க."

அவள் வாய் அந்த ஒழுங்கையில் பேர்போன வாய். விலை கேட்டு முகம் சுளிக்கிறவனுக்கு அவளிடம் எப்போதும் பதில் இருக்கும்.

"காத்துக்கு எண்ணூறு ரூபாயா அக்கா? கடவுள் சும்மா குடுக்கிறதுக்கா?"

"காத்து சும்மாதான் தம்பி. வாயத் திறந்துக்கிட்டு நில்லு, எவ்வளவு வேணும்னாலும் எடு. அமத்தி அடைக்கிறதுக்குத்தான் காசு."

அமத்தி அடைப்பது லேசான காரியமில்லை. கொம்பிரசர் ஓடினால் மின்சார மீட்டர் பேய் பிடித்ததுபோலச் சுற்றும். எண்ணெய் மாற்ற வேண்டும். காத்தைச் சுத்தம் செய்யும் வடிகட்டி சிங்கப்பூரிலிருந்து வரவேண்டும்; இறக்குமதியை இறுக்கிய பிறகு அதன் விலை கேட்டாலே மூச்சு நின்றுவிடும். நிரப்பும்போது டாங்கி கொதிக்கும் என்பதால் தண்ணீர்ப் பீப்பாய்க்குள் இறக்கி வைத்து, பக்கத்திலேயே நிற்க வேண்டும். இதெல்லாம் மெற்றில்டாவுக்கு அத்துப்படி. றேமண்ட் இல்லாத நாட்களில் அவளே நிரப்புவாள்.

கொரோனாவின் இரண்டாம் வருடம், ஓகஸ்ட் மாதம் நாட்டை மறுபடியும் மூடியபோதும் றேமண்ட் வீட்டில் இல்லை. கடலட்டைக்காரர்களோடு சின்னக் கொம்பிரசரை ஏற்றிக்கொண்டு கற்பிட்டிக்குப் போனவன் அங்கேயே மாட்டிக்கொண்டான். ஒழுங்கையில் சனம் இல்லை. பஸ் இல்லை. கோயில் மணி மட்டும் ஆளில்லாத பூசைக்கு அடித்தது. காலியான டாங்கிகள் முன்னறைச் சுவரோரம் வரிசையாக நின்றன. வீட்டில் சமைக்க இல்லாமல் இல்லை. அரிசி இருந்தது, நெத்தலி இருந்தது, றேமண்ட் அனுப்பிய காசும் கொஞ்சம் இருந்தது. பசியால் செய்தேன் என்று பிறகு அவளால் சொல்ல முடியாமல் போனது அதனால்தான்.

அன்று காலை வாசலில் ஓட்டோ வந்து நின்றது. ஷிஹான். கொம்பனித்தெருப் பையன், சுழியோடிகளின் டாங்கிகளை ஏற்றி இறக்கிப் பழகியவன்.

"மெற்றில்டா அக்கா! ஈக்கீங்களா? அவசரம்!"

பின்னால் ஒரு பெரியவர் இறங்கினார். இரண்டு முகக்கவசம், அதற்கு மேலே பிளாஸ்டிக் கண்ணாடி, அயர்ன் பண்ணிய வெள்ளைச் சட்டை. கேற்றைத் தொடாமல் தள்ளி நின்றார்.

"இவங்க நாகேந்திரம் சேர், வெள்ளவத்தை" என்றான் ஷிஹான். "இவங்கட வைஃபுக்கு மிச்சம் ஏலாம ஈக்கி. ஆஸ்பத்திரி ஒண்டுலயும் எடமில்ல. எங்கயும் ஒக்சிசன் இல்ல. எனக்கு டக்கெண்டு ஒங்கட போர்ட் ஞாபகம் வந்திச்சு."

பெரியவர் நிமிர்ந்து பலகையைப் பார்த்தார். பார்த்ததும் அவர் தோள் இறங்கியது. நெடுந்தூரம் பாரம் சுமந்து வந்தவர் இறக்கி வைக்க இடம் கண்டதுபோல இருந்தது.

"பிள்ளை, ஒக்சிசன் இருக்கோ?"

மெற்றில்டா சுவரோரம் நின்ற டாங்கிகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஐயா, இதுல வெறும் காத்துதான்."

"வெறுமையோ?" என்றார் அவர். "அது பறவாயில்லை பிள்ளை. நாங்கள் நிண்டு எடுத்துக்கொண்டு போறம். நிரப்பித் தாங்கோ. எவ்வளவெண்டாலும் தாறன். ரொறன்ரோவில இருந்து மகன் விடிய விடிய எடுக்கிறான். எந்த விலை எண்டாலும் வாங்குங்கோ அப்பா எண்டுறான்."

வெறும் காத்து என்றால் காலி. அந்த மனிதனுக்கு அப்படித்தான் விளங்கியது. அவருக்கு அப்படி விளங்கியது மெற்றில்டாவுக்கும் விளங்கியது. விளங்கவில்லை, கவனிக்கவில்லை, ஓட்டோச் சத்தத்தில் கேட்கவில்லை என்றெல்லாம் பிறகு அவள் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். ஒன்றும் ஒட்டவில்லை. அந்த இடத்தில் இன்னும் ஒரு வசனம் தேவைப்பட்டது. ஊரையே கதைத்து வென்றவளின் வாயிலிருந்து அந்த ஒரு வசனம் வரவில்லை. வந்தது வேறு.

"லொக்டவுன்தானே ஐயா. மூவாயிரம் வரும். டாங்கிக்கும் வாய்ல வைக்கிறதுக்கும் டிபோசிட் வைக்கணும்."

அவர் எண்ணிப் பார்க்காமல் தாள்களை எடுத்து மதில்மேல் வைத்தார். கல் ஒன்றை எடுத்து அதன்மேல் பாரம் வைத்தார்.

கொம்பிரசர் ஓடத் தொடங்கியது. இரண்டு கிழமைக்குப் பிறகு ஒழுங்கையில் கேட்ட முதல் பெரிய சத்தம். கூரைக்கு மேலே நீட்டியிருந்த குழாய் கொட்டாஞ்சேனைக் காத்தை உறிஞ்சியது. மீன் வாசமும் சாக்கடை வாசமும் மெழுகுதிரி வாசமும் கலந்த, எல்லோருக்கும் பொதுவான காத்து. சொல்லாமல் கொடுத்தால்தான் பாவம், சொன்னேன்தானே, என்று மெற்றில்டா தண்ணீர்ப் பீப்பாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நல்ல சுத்தமான காத்து. யாரையும் கொல்லாது. ஒரு கிழவிக்கு ஆறுதலாவது இருக்கும்.

டாங்கியைத் துடைத்து, அதன் கழுத்தில் றெகுலேட்டரைப் பூட்டினாள். அது சுழியோடி வாயில் கவ்விக்கொண்டு மூச்செடுக்கும் ரப்பர்த் துண்டு. இழுத்தால்தான் காத்து வரும். இழுக்கத் தெம்பில்லாவிட்டால் நடுவில் இருக்கும் பொத்தானை அமத்த வேண்டும். அமத்திக் காட்டினாள். காத்து சீறிக்கொண்டு வந்தது.

"அப்பாடா" என்றார் நாகேந்திரம். "கேக்கவே உயிர் வருகுது."

மறுநாள் பத்து மணிக்கு மறுபடியும் வந்தார்கள். டாங்கி முடிந்துவிட்டதாம். முகம் தெரியாத அந்த முகக்கவசங்களுக்கு மேலே பெரியவரின் கண் இரண்டும் சிவந்திருந்தன, ஆனால் சிரித்தன.

"பிள்ளை, எண்பத்துநாலில நிண்டது. ஒக்சிசனை வாயில வைச்ச உடன எண்பத்தாறு. நான் என்ரை கண்ணால பார்த்தனான். மகனுக்கும் வீடியோவில காட்டினனான்." விரல் நுனியில் மாட்டிப் பார்க்கும் அந்தச் சின்ன மெஷின் அப்போது எல்லா வீட்டிலும் இருந்தது. பிள்ளையின் பரீட்சைப் புள்ளிபோல வீடு முழுக்க அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு இருப்பார்கள். "நிமித்தி இருத்தி, தலைகாணி முண்டு குடுத்து, நானே பொத்தானை அமத்திக்கொண்டு இருந்தனான். ராத்திரி முழுக்கக் கை எடுக்கேல்லை."

நிமிர்த்தி இருத்தியதால்தான் எண் ஏறியிருக்கும். மெற்றில்டாவுக்கு அது தெரியாது. தெரிந்த ஒன்றையும் அவள் சொல்லவில்லை. அவர் மதில்மேல் ஒரு பார்சலை வைத்தார்.

"பருத்தித்துறை வடை. கடை பூட்டு, எங்கட பில்டிங்கில ஒரு அம்மா சுட்டுத் தாறவ. காசு மட்டும் குடுத்தா வடிவில்லை."

அவள் நிரப்பினாள். இந்தமுறை காசை எடுக்கும்போது நிமிர்ந்து பார்க்கவில்லை. ஷிஹான் டாங்கியைத் தூக்கி ஓட்டோவின் பின்சீட்டில் வைத்தான். பெரியவர் அதைக் குழந்தைபோல அணைத்துக்கொண்டு ஏறினார். ஓட்டோ திரும்பியபோது தலையை வெளியே நீட்டினார்.

"உங்களாலதான் பிள்ளை. என்ரை மருமகன் முறை டொக்டர் ஒருத்தர் பெரிய ஆஸ்பத்திரியில ஒரு கட்டில் எடுத்துப்போட்டுக் காலமை கோல் எடுத்தவர். நான் வேண்டாமெண்டிட்டன். வீட்டிலேயே ஒக்சிசன் இருக்கேக்க ஏன் அங்க கொண்டுபோய் விடோணும்? என்ரை தமையன் நடந்து போனவர். பெட்டியிலதான் வந்தவர். முகமும் காட்டேல்லை."

ஓட்டோ போய்விட்டது.

மெற்றில்டா கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய்க் கற்பிட்டிக்குப் போன் எடுத்தாள். நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். மூவாயிரத்தையும் சொன்னாள். அந்தப் பக்கம் கடல் இரைச்சல் மட்டும் கேட்டது.

"இருக்கீங்களா?"

"இருக்கேன்" என்றான் றேமண்ட். "மெற்றில்டா, மூச்சு முட்டிச் சாகுறவன் கைகால் அடிப்பான்னு எல்லாரும் நினைக்கிறாங்க. இல்ல. கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சா அவனுக்கே தெரியாது. சிரிச்சிக்கிட்டே இருப்பான். நல்லாத்தானே இருக்கான்னு மத்தவனும் பாத்துக்கிட்டு இருப்பான். அந்த அம்மா இப்போ அப்படித்தான் இருக்கும்."

"நான் சொன்னேங்க. வெறும் காத்துன்னு சொன்னேன்."

"என்கிட்ட வாதாடாத. கட்டில் இருந்தா இப்பவே போகச் சொல்லு. காசத் திருப்பிக் குடு. போ."

ஷிஹானுக்கு எடுத்தாள். அவன் திரும்பி வந்துகொண்டு இருந்தான். விஷயத்தைக் கேட்டதும் ஓட்டோவை ஓரம் கட்டினான்போல. எஞ்சின் சத்தம் நின்றது.

"அப்ப நான் ரெண்டு நாளா வெறும் காத்தயா அக்கா ஏத்திப் போற?"

"அவருக்கு ஒரு கோல் போட்டுச் சொல்லு."

சற்றுக் கழித்து அவனே எடுத்தான். "போட்டேன். 'பிறகு எடுங்கோ தம்பி, கை விடேலாது' எண்டு கட் பண்ணிட்டார். பொத்தான அமத்திக்கொண்டு ஈக்கார். இத போன்ல செல்லவும் ஏலாது அக்கா."

"அப்போ வந்து என்னய ஏத்து."

"லொக்டவுன் பாஸ் ஈக்கா?"

இல்லை. மெற்றில்டா சுற்றுமுற்றும் பார்த்தாள். சுவரோரம் நின்ற காலி டாங்கி ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் ஏறினாள்.

காலி முகத்திடல் பக்கம் பொலிஸ் மறித்தது. இரும்புத் தடுப்புக்குப் பின்னால் இளம் கொன்ஸ்தாபிள் ஒருவன் கையை நீட்டினான். அவன் வாய் திறப்பதற்குள் ஷிஹான் சிங்களத்தில் கத்தினான்: "ஒக்சிஜன் சேர்! லெடெக்குட்ட!" நோயாளிக்கு என்றதும் அந்தப் பையன் தடுப்பைத் தானே இழுத்து வைத்தான். முன்னால் நின்ற லொறியை ஓடிப்போய்த் தட்டி ஒதுக்கிவிட்டான். "யன்ன அம்மே, யன்ன!" போங்கம்மா, போங்க. மெற்றில்டா மடியிலிருந்த காலி டாங்கியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். ஒரு சொல்லுக்கு இவ்வளவு மரியாதை அவள் கண்டதில்லை.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாவது மாடி. கதவு திறந்தே கிடந்தது. வரவேற்பறையில் மல்லிகைப் பூ வைத்த சாமிப்படங்கள். அடுத்த அறைக்குள் கட்டில். நாகேந்திரத்தின் மனைவி சரோஜினிதேவி தலையணைகளுக்கு நடுவே நிமிர்ந்து இருந்தார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். சுவரில் மாட்டியிருந்த படத்தில் கம்பீரமாக இருந்த முகம் கட்டிலில் சுருங்கிக் கிடந்தது. உதடு நாவற்பழ நிறம். வாயில் ரப்பர்த் துண்டு. பக்கத்தில் கதிரை போட்டு நாகேந்திரம் பொத்தானை அமத்திக்கொண்டு இருந்தார். முகக்கவசம் இல்லாத அவருடைய முகத்தை அப்போதுதான் மெற்றில்டா பார்த்தாள். சவரம் செய்யாத, சின்ன முகம்.

"சரோ, ஆர் வந்திருக்கிறது பாருங்கோ. ஒக்சிசன் தாற பிள்ளை."

அந்த அம்மா ரப்பரை வாயிலிருந்து எடுத்தார். சிரித்தார். றேமண்ட் சொன்ன அதே சிரிப்பு.

"நல்லா இருப்பியள்" என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே ஒரு மூச்சு. "எனக்கு… இப்ப… பறவாயில்லை."

மெற்றில்டா கைக்குட்டையில் முடிந்து வந்த காசை மேசையில் வைத்தாள்.

நாகேந்திரம் அதைப் பார்த்துத் திடுக்கிட்டார். "ஏன் பிள்ளை? இனி நிரப்ப மாட்டியளோ? விலை காணாதெண்டாச் சொல்லுங்கோ."

"அது இல்ல ஐயா. இது ஒக்சிசன் இல்ல. காத்து."

"ஓம்?"

"வெறும் காத்து ஐயா. கடலுக்கு அடில போறவங்களுக்கு அடிக்கிறது."

அவர் யோசித்தார். சின்னப் பிள்ளைக்கு விளங்கப்படுத்துகிறவர்போலப் பொறுமையாகச் சொன்னார். "காத்தெண்டா ஒக்சிசன்தானே பிள்ளை. நாங்கள் உள்ளுக்கை இழுக்கிறது ஒக்சிசன், வெளிய விடுறது காபனீரொட்சைட்டு. சின்ன வகுப்பில படிச்சதுதானே."

"எனக்குப் படிப்புத் தெரியாது ஐயா. இந்த ஜன்னலால வர்ற காத்தும் அந்த டாங்கில இருக்கிற காத்தும் ஒண்ணு. அது மட்டும்தான் எனக்குத் தெரியும். எங்க வீட்டுக் கூரையில இருந்து எடுக்கிறது."

"போர்ட்டில போட்டிருக்கே!"

"போர்ட் பிழை."

வாசலில் நின்ற ஷிஹான் தலையைத் திருப்பிக்கொண்டான். மெற்றில்டா கட்டிலருகே போய், அந்த அம்மாவின் கையிலிருந்த ரப்பரை மெல்ல வாங்கி மடியில் வைத்தாள். "எண்ணப் பாருங்க ஐயா." விரலில் மாட்டியிருந்த மெஷினில் எழுபத்தொன்று. மூவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஜன்னலுக்கு வெளியே ரயில்பாதைக்கு அப்பால் கடல் அடித்தது. கடலிலிருந்து நல்ல காத்து வந்துகொண்டேதான் இருந்தது. எழுபத்தொன்று அப்படியே நின்றது. ரப்பரை மறுபடி வைத்து, பொத்தானை அமத்தினாள். எழுபத்தொன்று.

"மாறேல்லை" என்றார் நாகேந்திரம்.

அவர் போனை எடுத்து மருமகன் டொக்டரை அழைத்தார். மறுமுனையில் பேசியது மற்றவர்களுக்குக் கேட்கவில்லை. "ஓம்… ஓம்… விளங்குது தம்பி. குடுத்திட்டியள். ஓம், காலமை நான்தானே வேண்டாமெண்டனான்" என்று மட்டும் சொல்லி வைத்தார். கட்டிலில் வேறு யாரோ. வாசலுக்குக் கொண்டுவந்தால் உள்ளே எடுக்கப் பார்க்கிறேன் என்றாராம்.

பிளாஸ்டிக் கதிரையில் இருத்தித் தூக்கினார்கள். ஷிஹான் ஒரு பக்கம், மெற்றில்டா ஒரு பக்கம், நாகேந்திரம் முதுகுப் பக்கம் தாங்கிக்கொண்டார். லிஃப்ட்டுக்குள் கதிரை போகவில்லை. படியால்தான் இறங்க வேண்டியிருந்தது. எதிர்வீட்டுக் கதவின் பார்க்கும் துவாரம் இருண்டது, மறுபடி வெளித்தது, கதவு திறக்கவில்லை. இரண்டாவது மாடித் திருப்பத்தில் சரோஜினிதேவி கையை நீட்டித் தவித்தார். ரப்பரைத்தான் கேட்டார். அது மேலே கட்டிலில் கிடந்தது.

"ஒக்சிசன்… ஒக்சிசன்…"

நாகேந்திரம் மெற்றில்டாவைப் பார்த்தார். "எடுத்துக்கொண்டு வாங்கோ பிள்ளை."

"ஐயா, அது…"

"எனக்குத் தெரியும். அவவுக்குத் தெரிய வேண்டாம்."

அவள் மேலே ஓடி டாங்கியைத் தூக்கி வந்தாள். கீழே ஓட்டோவில் மூன்று பேரும் நெருங்கி ஏறினார்கள். டாங்கி கால்களுக்கு நடுவே. ரப்பர் வாய்க்குப் போனதும் அந்த அம்மா அமைதியானார். காலி வீதி வெறிச்சென்று கிடந்தது. வழிநெடுக இழுக்கும் மூச்சுக்கு ஒரு சீறல், விடும் மூச்சுக்கு ஓர் இரைச்சல், அவ்வளவுதான் சத்தம்.

ஆஸ்பத்திரி வாசலில் கூடாரம் அடித்திருந்தார்கள். தரையிலும் வாங்குப் பலகையிலும் தள்ளுவண்டியிலும் சனம். நீலப் பொலித்தீன் அங்கி போட்ட சிற்றூழியர் ஒருவர் வரிசையைப் பார்த்துப் பார்த்து ஆட்களைப் பிரித்துக்கொண்டு வந்தார். ஓட்டோவுக்குள் குனிந்தார். டாங்கியையும் வாயில் இருந்த ரப்பரையும் கண்டதும் நிமிர்ந்தார்.

"ஒக்சிஜன் தியெனவானே. எஹாட கண்ட."

இவருக்கு ஒக்சிசன் இருக்கிறதே, அந்தப் பக்கம் எடுங்கள். அந்தப் பக்கம் என்பது மதிலோரம். அங்கே இருந்தவர்கள் காத்திருக்கக் கூடியவர்கள். அவர் அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

நாகேந்திரத்துக்குச் சிங்களம் திக்கும். "மஹத்தயா… மஹத்தயா…" என்று பின்னால் போனார். அவர் திரும்பவில்லை. மெற்றில்டா ஓட்டோவிலிருந்து குதித்தாள்.

"நே மஹத்தயா! மேக்க ஒக்சிஜன் நெவெய்! ஹுலங்! ஹுலங் விதரய்!"

இது ஒக்சிசன் இல்லை, காத்து, காத்து மட்டும்தான். வாசல் முழுக்கக் கேட்கிற குரல். வாங்கில் இருந்தவர்கள் திரும்பினார்கள். யாரோ ஒருவன் அந்த இடத்திலும் சிரித்தான். சிற்றூழியர் திரும்பி வந்து, காத்தை எதற்கு டாங்கியில் அடைத்துக்கொண்டு வந்தாய் என்று ஏசினார். அவள் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து அந்த அம்மாவின் உதட்டைக் காட்டினாள். பிறகுதான் தள்ளுவண்டி வந்தது. ரப்பரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். அந்த அம்மாவின் கை காத்தில் எதையோ பிடிக்கப் பார்த்ததை மெற்றில்டா கதவு மூடும்வரை கண்டாள்.

இருட்டுவதற்கு முன்பே பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். நாகேந்திரம் போனார். ஒரு கடுதாசியோடு திரும்பி வந்தார். வாங்கில் மெற்றில்டாவுக்குப் பக்கத்தில், நடுவே ஓர் இடம் விட்டு இருந்தார். முகக்கவசத்தை மறந்துபோனதை அப்போதுதான் கண்டவர்போல சட்டைப் பையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டார். ஷிஹான் ஓட்டோவுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான்.

நாகேந்திரம் கடுதாசியை நான்காக மடித்துக்கொண்டே பேசினார்.

"நீங்கள் முதல்நாளே சொன்னனீங்கள் பிள்ளை. வெறும் காத்தெண்டு. நான்தான் காலியெண்டு நினைச்சிட்டன். உங்களில பிழையில்லை."

அதை வாங்கிக்கொண்டு எழுந்து போயிருக்கலாம். கேட்காமலே கிடைத்த மன்னிப்பு. அவர் நீட்டிக்கொண்டு இருந்தார்.

"நீங்க அப்படி நினைச்சது எனக்கு அப்பவே விளங்கிச்சு ஐயா" என்றாள் மெற்றில்டா. "விளங்கித்தான் விலை சொன்னேன்."

அவர் அவளைப் பார்த்தார். கோபம் வந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும்தான் இருந்தது. ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் போன் அடித்தது. ரொறன்ரோவில் விடிந்திருக்க வேண்டும்; டொக்டர் மகனுக்குச் சொல்லிவிட்டார்போல. அவர் அதைக் காதில் வைத்தார். மறுமுனையில் ஓர் ஆண்குரல் அழுவது வாங்கின் இந்தப் பக்கம்வரை கேட்டது. என்ன கேட்டது என்று அவருடைய பதிலில்தான் தெரிந்தது.

"ஓம் மகன்" என்றார் நாகேந்திரம். "ஓம், ஓம். ஒக்சிசன் குடுத்தனாங்கள். கடைசி மட்டும் குடுத்தனாங்கள். அதில ஒரு குறையும் வைக்கேல்லை."

வழியில் கிடந்த டாங்கியை எடுக்கச் சொல்லிச் சிற்றூழியர் சிங்களத்தில் கத்தினார். மெற்றில்டா எழுந்து போனாள். அது இன்னும் பாரமாகத்தான் இருந்தது.